அழகாயி சொன்ன பெயர்

பிரம்பு நான்காவது தடவையாக மஸீனாவின் உள்ளங்கையில் விழுந்தது. எட்டாம் வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அழகாயி தலையைக் குனிந்துகொண்டாள். காதுக்குக் கீழே கோணலாக வெட்டுப்பட்ட முடி முகத்தில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பைப்படியில் கத்தரிக்கோல் தின்ற சடையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் சோற்றில் மண் கிடந்தது. கொப்பியில் மை கொட்டியிருந்தது. "தோட்டத்துக் கழுதைக்கு டவுன் இஸ்கூல் கேக்குதோ?" என்பதை ஒருநாளும் கேட்காமல் அவள் வீடு போனதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து மாத்தளை டவுனுக்குப் படிக்க வந்த ஒரே பிள்ளை அவள்.

நேற்று அப்பா காளிமுத்து வேலைக்குப் போகாமல் பெரிய வாத்தியாரிடம் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ள சோறு திங்க மாட்டேங்குதுங்க ஐயா. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

பெரிய வாத்தியார் அழகாயியைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல எல்லார் முன்னாலயும் பேரச் சொல்லு. தோல உரிச்சிர்றேன். சொல்லாட்டி, நீ பொய்க்காரின்னு பள்ளிக்கூட இடாப்புல உன் பேர வெட்டிருவேன்."

இன்று காலை பிரம்போடு வகுப்புக்கு வந்துவிட்டார். அவருடைய மகள் புவனேஸ்வரி முன்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு? சொல்லு!"

அழகாயி தரையைப் பார்த்துச் சொன்னாள். "ம... மஸீனா."

பெயர் முழுதாக வருமுன்பே மஸீனா எழுந்து நின்றுவிட்டாள்.

ஆறாவது அடியில் பிரம்பு பிளந்தது. "உன் வாப்பாவுக்கும் கடுதாசி போகும்" என்றார் பெரிய வாத்தியார். அப்போதுதான் மஸீனாவின் முகம் வெளிறியது. புவனேஸ்வரி ஓடிப்போய் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இடைவேளையில் மஸீனாவின் பக்கம் யாரும் போகவில்லை. பைப்படியில் தனியாக நின்று, வீங்கிய கையைத் தண்ணீரில் பிடித்திருந்தாள். அழகாயி மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கும்தானே."

"ஒங்க வாப்பா..."

"அடிப்பாரு."

அழகாயிக்கு அழுகை பீறிட்டு வந்தது. மஸீனா நல்ல கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"ஏன் அழுவுற? சடைய வெட்டினது ஒங்க மகதான்னு அவருகிட்டச் சொல்லியிருந்தா, நம்பியா இருப்பாரு?"

இல்லையென்று அழகாயி தலையாட்டினாள்.

"அதான் நேத்தே சொன்னேன். இன்னொருக்கா கேட்டாலும் என் பேரையே சொல்லு."