பூவாயி போட்ட படுக்கை

மலையில் பனி இறங்கத் தொடங்கியதும், பூவாயி என்ற அணில் தன் பொந்துக்குள் புதுப் படுக்கை போட்டாள். மரத்தடியில் இருந்த தையல்கடை வாசலில் துண்டுத் துணிகள் குவிந்து கிடந்தன. நிறம் பார்த்துச் சேர்க்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவள் எண்ணம். கடுகு மஞ்சளை அடியில் விரித்தாள். செங்கல் சிவப்பை மேலே போட்டு, ஓரத்தில் மட்டும் மயில்நீலம் தெரியும்படி மடித்துவிட்டாள்.

"வெள்ளையே வேண்டாம்னு விட்டுட்டேன். பார்த்தாலே குளிரும்," என்று கணவன் மூக்கனிடம் சொன்னாள்.

"அழகா இருக்கு. படுக்கட்டுமா?"

"ஐயோ, கலைஞ்சு போயிடும்! இன்னிக்குக் கிளையிலேயே படுங்க."

இரண்டு நாள் இருவரும் கிளையிலேயே படுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மூக்கனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பூவாயி தொட்டுப் பார்த்தாள். காதெல்லாம் சில்லிட்டிருந்தது. பதறிப்போய் அவனைப் பொந்துக்குள் இழுத்துப் போட்டு, கைக்கு வந்த துணியையெல்லாம் அள்ளிப் போர்த்தினாள். நீலம் நடுவில் வந்தது. மஞ்சள் அவன் கழுத்தைச் சுற்றியது. சிவப்பு சுருண்டு வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

நடுக்கம் அடங்கியதும் மூக்கன் கண் திறந்தான்.

"எல்லாம் கலைஞ்சு போச்சே, பூவாயி," என்றான் தயங்கித் தயங்கி.

அவள் சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கலையலைங்க. நீலம் நடுவுலதான் வரணும். ஒரு பழுப்புதான் குறைஞ்சுது. அதான் நீங்க இருக்கீங்களே," என்று சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் நுழைந்து படுத்துக்கொண்டாள்.