துளிர்க்காத குச்சி

"இதுவும் போச்சா?"

தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள் அவள். வாசலில் நின்ற நர்சரிக்காரன், கையிலிருந்த கருகிய குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"போச்சுங்க. என்ன பண்ணியும் வேர் விடலை."

"நல்லாத்தான் இருக்கு! ஊருக்கெல்லாம் செடி விக்கிறீங்க. ஒரு அடுக்குமல்லிக் குச்சியைப் பொழைக்க வைக்கத் தெரியலையே! எங்கப்பா காலம் பூரா லாரி ஓட்டினவர். அவர் சும்மா மண்ணுல குத்தி வச்சதுதான் இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் மணக்குது."

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா லேசாகச் செருமினார். பெருமைச் செருமல்.

நர்சரிக்காரனுக்கு மானம் போயிற்று. காய்ந்த விறகை நட்டாலும் துளிர்க்கும் என்று பெயர் வாங்கிய கைராசிக்காரன் அவன். இந்த வீட்டுக்குப் பூந்தொட்டி இறக்க வந்த அன்று அந்தப் பூ வாசனையில் சொக்கிப்போய் ஒரு குச்சி கேட்டான். அன்று பிடித்தது சனி. கொண்டுபோன குச்சி ஒவ்வொன்றும் வரிசையாகக் கருகியது.

"அண்ணே, குச்சிக்காகப் போறீங்களா, குச்சி குடுக்கிறவங்களுக்காகப் போறீங்களா?" என்று நர்சரியில் வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவன் அதை மறுக்கவும் இல்லை. ஆனால் சத்தியமாக, ஒரு குச்சியையும் அவன் வேண்டுமென்றே சாகவிடவில்லை. மணலும் மட்கிய உரமும் சலித்துக் கலந்தான். நிழலில் வைத்தான். ஈரம் போகாமல் பாட்டிலை வெட்டி மேலே கவிழ்த்தான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"வெட்டுறதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். நானே கணுவுக்குக் கீழே சாய்வா வெட்டிக்கிறேனே?" என்று போன தடவை கேட்டுப் பார்த்தான்.

"எங்க வீட்டுச் செடியில வேற யாரும் கத்தி வைக்கக் கூடாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பின்பக்கம் போய், சாவகாசமாக வெட்டி, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

இன்று அவன் கை நீட்டவில்லை.

"குச்சி கேட்க வரலைங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். இந்தச் செடிக்கு நான் குடுத்து வைக்கலை போல."

மெஷின் சட்டென்று நின்றது.

"அப்போ இந்தப் பக்கம் வரவே மாட்டீங்களா?"

"வர்றதுக்கு ஒரு காரணம் வேணாமாங்க?"

சொல்ல வேண்டிய காரணம் அவன் தொண்டை வரை வந்தது. ஆனால் ஒரு குச்சியைக்கூட வளர்க்கத் தெரியாதவன் எந்த முகத்தோடு பெண் கேட்பது? திரும்பிச் செருப்பை மாட்டினான்.

"நில்லுங்க!"

பின்பக்கம் ஓடினாள். போன வேகத்தில் திரும்பினாள். கையில் ஒரு பச்சைக் குச்சி. துணிகூடச் சுற்றவில்லை. மூச்சு வாங்கியது.

"இதைக் கொண்டு போங்க. கண்டிப்பா வேர் விடும்."

"அதெப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு, வெட்கம், பயம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"ஏன்னா, இதை மட்டும்தான் நான் வெந்நீர்ல முக்கி எடுக்கலை. குச்சி பொழைச்சுட்டா அப்புறம் நீங்க வர மாட்டீங்களேன்னுதான்..."

நர்சரிக்காரன் திறந்த வாய் மூடாமல் அப்பாவைப் பார்த்தான். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாவகாசமாக எழுந்து வந்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் வெந்நீர் போட்டுக் குடுத்தது நான்தான், மாப்பிள்ளை!"