ஒதுங்கி நிற்கிறாள் ஜொஹரா

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே வரும் மாலை வெயில் சைஃபுல்லாவின் தலையைச் சுற்றிய துணிக்கட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. கட்டுக்குள்ளிருந்து வண்ண வண்ண ஒயர்கள் இறங்கி, கட்டிலருகே முனகும் பெட்டிக்குள் போகின்றன. மூளையில் வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, டாக்டர் மாத்திரைகளைக் குறைத்திருக்கிறார். ஒரு வலிப்பு வந்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது வரவே கூடாது என்று துஆ கேட்டுவந்த ஜொஹரா, இன்று எதைக் கேட்பதென்று தெரியாமல், "ரப்பே, நீ இவங்க கூடவே இரு" என்று மட்டும் முணுமுணுக்கிறாள். கணவனின் இடது கட்டைவிரல் துடிக்கிறது. உதடு ஒரு பக்கமாகக் கோணுகிறது. அவள் அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போர்வையை விலக்குகிறாள். பெக்கான் நானாஸ் ஊரில் அவர்களுடைய கடையில் வலிப்பு வரும்போதெல்லாம், சுடும் ரொட்டிக் கல்லில் விழுந்துவிடாமல் பாய்ந்து அவனைத் தாங்குகிறவள் அவள்தான். இங்கேயோ கூரையிலுள்ள கேமராவுக்கு அவன் முழுதும் தெரிய வேண்டும்; அவள் குறுக்கே போகக் கூடாது. ஓடிவந்த நர்ஸ் மிஸ்ஸி அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க, ஜொஹரா சுவரோரம் ஒதுங்கி நிற்கிறாள். அவனைத் தாங்க நீண்ட கைகளைப் பின்னுக்கு இழுத்துத் தஸ்பீஹ் மணியை இறுக்கிக்கொள்கிறாள். குரலை மட்டும் அவனிடம் அனுப்புகிறாள்: "மச்சான், நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க." அந்தக் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. துடிப்பு அடங்குகிறது. "பாகுஸ், காக்" என்று மலாயில் மெச்சி, மிஸ்ஸி அவள் தோளைத் தட்டிக்கொடுக்கிறாள். மங்கிக் கிடந்த அவன் பார்வை மெல்லத் தெளிந்து அவளைத் தேடுகிறது. "வந்துச்சா?" என்கிறான், நாக்குக் குழற. "வந்துச்சு மச்சான். எல்லாம் பதிவாயிருச்சு." "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறான். அப்போதுதான் ஜொஹரா, கேமராவை மறைத்தபடி குனிந்து, அவன் நெற்றியில் முகம் புதைத்து அழுகிறாள்.