பத்துக்கு எத்தனை?

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனாலும் சின்ன மருமகள் செல்லாத்தாளுக்கு நோவாம்.

ரெண்டு வாரமாக அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மாமியார் சோற்றை ஊட்டிவிடாத குறை. "எந்திரிக்காத கண்ணு, படுத்துக்க" என்று கொஞ்சல் வேறு. வீட்டில் இருந்த ஒரே கறுப்பு வெள்ளை டி.வி.யையும் அவள் கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைத்தாகிவிட்டது.

மூத்த மருமகள் நஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவளும் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தானே? மாசி மாதம் வயிற்றில் வந்தது தங்காமல் போனபோதுகூட, ஒரே வாரத்தில் எழுந்து பனியன் கம்பெனிக்குப் போனவள். படுத்துக்கொள்ளச் சொன்ன மாமியார் மேல் அன்றைக்கு எரிந்து விழுந்தவளும் அவள்தான். ஆனால் அது இப்போது அவளுக்கு மறந்துவிட்டது.

ஆற்றாமை தாங்காமல், "எங்கூட்டுச் சின்னவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று கம்பெனியில் செக்கிங் மேசை முழுக்கச் சொல்லி வைத்தாள். திருப்பூரில் சொன்னது சொந்த ஊரான அவிநாசிபாளையத்துக்கு வந்து சேர ஒரு பஸ் போதாதா? மறுநாளே செல்லாத்தாளுக்கு 'பைத்தியம்' என்று பெயர் விழுந்துவிட்டது. சொன்னால் வெட்கக்கேடு, நஞ்சம்மாளுக்கு அதில் கொஞ்சம் திருப்திதான்.

கோயமுத்தூரிலிருந்து ஒரு மனநல டாக்டர் ஞாயிறுதோறும் திருப்பூருக்கு வருவார். அவரிடம் போக, துணைக்கு நஞ்சம்மாள்தான் வரவேண்டும் என்று செல்லாத்தாள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"லீவு நாள்லயும் மகாராணிக்கு நாந்தான் கொடை புடிக்கோணுமாக்கும்."

நஞ்சம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள். பஸ்ஸில் ஊர்க்காரி ஒருத்தி செல்லாத்தாளைப் பார்த்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். செல்லாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார். செல்லாத்தாளிடம் கேட்டார்:

"சொல்லும்மா. மனசுல இருக்கிற பாரத்துக்குப் பத்துக்கு எத்தனை போடலாம்?"

செல்லாத்தாள் நஞ்சம்மாளை ஒருமுறை பார்த்தாள். "ஒம்பதுங்க."

ஒன்பதா! நஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரு, அவ சொன்னா அப்படியே ஒத்துக்குவீங்களா? நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவளுங்க. தைச்சவளே அவ பீஸைப் பாஸ் பண்ண எங்க கம்பெனியில உட மாட்டாங்க. ஓட்டை இருக்குதா இல்லையான்னு இன்னொருத்திதான் பாக்கோணும்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியாயமான பேச்சு. அப்ப நீங்களே செக் பண்ணிச் சொல்லுங்க. இவங்களுக்கு எத்தனை?"

"ஒண்ணுகூடத் தேறாதுங்க. காத்தால அஞ்சு இட்டிலி தின்னுபோட்டுத்தான் பஸ் ஏறுனா."

"உங்களுக்கு?"

"எனக்கா? சைபருங்க! கல்லாட்ட இருக்கறேன்."

"தூக்கமெல்லாம்?"

"நல்லாக் கொறட்டை உட்டுத் தூங்கறாளுங்க."

"உங்களைக் கேட்டேன்."

"நான் எங்கீங்க தூங்கறது? விட்டத்தைப் பாத்துட்டே கெடந்தா விடிஞ்சு போயிருது."

"சாப்பாடு?"

"அவளைக் கவனிக்கறதுலயே பொழுது போயிருதுங்க. எனக்குப் பசிக்கறதும் இல்ல. மாசியிலிருந்தே அப்படித்தான்."

"அழுகை வருமா?"

"ச்சே! கம்பெனியில பஞ்சு பறக்குமுங்க. கண்ணுல பட்டுத் தண்ணியா ஊத்தும், அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை?"

நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். அன்று காலை அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கும்... வருதுங்க."

டாக்டர் மெல்லச் சொன்னார். "உங்களுக்கு நீங்களே சைபர் போட்டுக்கிட்டீங்க. நான் எட்டுப் போடறேன்மா. தைச்சவங்களே பாஸ் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எனக்கா? நோவு அவளுக்குங்க!"

"இல்லம்மா. போன மாசமே இவங்க தனியா வந்து என்னைப் பார்த்தாங்க. 'எங்க அக்கா மனசு ஒடிஞ்சு கெடக்கறாங்க. கூப்புட்டா வரமாட்டாங்க. எனக்குன்னு சொன்னா, என்னைக் குத்தஞ் சொல்றதுக்காவது வருவாங்க'ன்னாங்க. உங்க மாமியாரும் இதுக்குக் கூட்டு. இப்ப ஒன்பதுன்னு சொன்னதும் உங்களுக்குத்தான்."

 நஞ்சம்மாள் வயிற்றெரிச்சல் பட்ட சோறும் கொஞ்சலும் கட்டிலும் அவளை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைக்கப் போட்ட நாடகம். இந்த முறை அவள் கண்ணில் பஞ்சு எதுவும் படவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். செல்லாத்தாள் அவள் தோளை அணைத்துக்கொண்டு, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

மருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது நஞ்சம்மாள் நின்றாள்.

"செல்லா... ஊருக்குள்ள உனக்கு அந்தப் பேரு வந்ததே என்னாலதான். நாளைக்கே கம்பெனியில சொல்லிப்போடறேன், உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு."

செல்லாத்தாள் மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து மூடினாள்.

"வேண்டாமுங்க அக்கா. அப்புறம் மாத்திரை யாருக்குன்னு கேப்பாங்க. பைத்தியம்ங்கற பேரு எனக்கே இருந்துட்டுப் போகட்டும். மாத்திரையை மட்டும் நீங்க சாப்புடுங்க."