கலீனி

ஞானஸ்நானத் தொட்டியருகே தொம்மை கையில் மகளோடும், தோளில் மாட்டிய ஆரஞ்சு நிற மிதவை வளையத்தோடும் நின்றான். படகு கவிழ்ந்து இரண்டு நாள் கடலில் கிடந்தவனுக்கு ஒரு கிரேக்கக் கப்பல் வீசிய வளையம் அது. கப்பலின் பெயர், கலீனி, அதில் எழுதியிருந்தது. தூரத்துத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிடப்பட்டு அவன் ஊர் திரும்ப ஒரு மாதமானது. வளையத்தை மட்டும் விடவில்லை; மகளுக்கும் அந்தப் பெயரையே கேட்டான். "இந்தப் பேர்ல புனிதை யாரும் எனக்குத் தெரியலையேப்பா. மரியான்னு வச்சிருவோம்," என்றார் பங்குத்தந்தை. தொம்மை வளையத்தைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டான். அவன் மனைவி செலஸ்தின்தான் வாய் திறந்தாள். "சாமி, நீங்க இவுகளுக்குத் துக்கமணி அடிச்சி, பூசையும் வச்சி முடிச்சிட்டிய. இவள வயித்துல வச்சிக்கிட்டு, கறுப்புச் சீலையோட நான் இந்தக் கோயில்லதான் கெடந்தேன். ஒரு புனிதர் விடாம எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தது இந்தப் பேருதான்." பங்குத்தந்தை வளையத்தைப் பார்த்தார். அதன் விளிம்பெங்கும் நகங்கள் பதிந்த தடங்கள் இருந்தன. பிறகு குழந்தையின் தலையைத் தொட்டிமேல் சாய்க்கச் சொல்லி, சிப்பி நிறையத் தண்ணீர் மொண்டார். தொம்மை கண்களை இறுக மூடி மூச்சை அடக்கினான். அதைக் கண்டவர் பாதித் தண்ணீரைத் தொட்டியிலேயே சாய்த்துவிட்டு, மிச்சத்தைத் துளித்துளியாக ஊற்றியபடி, "கலீனி," என்று மெல்லக் கூப்பிட்டார். மகளின் நெற்றியிலிருந்து கடைசித் துளி வடிந்த பிறகும் தொம்மை மூச்சு விடவில்லை.