முழியும் சேர்ந்தது

நிறத்தைச் சொல்லி யாரையும் கொத்தக் கூடாது என்பது நாவல் மரத்தின் சட்டம். காகம் அழுது வாங்கிய சட்டம். அப்படியும் மைனாக்கள் பகலெல்லாம் ஆந்தையைக் கொத்தித் தூங்கவிடாமல் விரட்டின.

"சட்டம் இருக்கேப்பா!" என்றது ஆந்தை.

"உன் நிறத்தையா சொன்னோம்? முட்டை முழியைத்தானே சொன்னோம்!" என்று மைனாக்கள் சிரித்தன.

ஆந்தை காகத்திடம் போனது. "அக்கா, அந்தச் சட்டத்தில் எனக்கும் கொஞ்சம் இடமிருக்குமா?"

காகம் தன் பழைய தழும்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு சட்டம் செதுக்கியிருந்த மரப்பட்டையில் 'நிறம்' என்பதற்குப் பக்கத்தில் 'முழி' என்று அலகால் செதுக்கியது. மைனாக்கள் படித்துவிட்டு முணுமுணுத்தபடி பறந்துபோயின.

ஆந்தை கண்ணை மூடியது. மேல்கிளை வௌவாலின் குரல் கேட்டது: "அக்கா, தலைகீழாத் தொங்குறதையும் ஒரு ஓரமாப் போட்டுடுங்களேன்!"

மறுபடியும் டொக், டொக் என்று சத்தம். அதைக் கேட்டபடியே ஆந்தை தூங்கிப்போனது.