வெளிநோயாளி

“தெனமும் பொம்மிடியில ரயிலேறி சேலத்துக்குப் போறோம் சார். எந்த மாத்திரைக்கும் கேக்காத டிப்ரஷன். தலையில காந்த சிகிச்சை குடுக்கறாங்க. அதுக்குப் பணம் தரமாட்டேன்னா எப்படிங்க?” கவிப்பிரியா மேசையைத் தட்டினாள்.

காப்பீட்டு அதிகாரி அசரவில்லை. “ஆஸ்பத்திரியில தங்கியிருந்தாத்தாம்மா கிளெய்ம்.”

“தங்க வச்சுச் செய்யற சிகிச்சையே இல்லைங்க அது! பாதியில நிறுத்தச் சொல்றீங்களா?”

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அவள் கணவன் அறிவழகனை அதிகாரி பார்த்தார். “பேஷண்ட்டை வச்சுக்கிட்டு இப்படிக் கத்தலாமாம்மா? பாவம், பயந்துடுவாரு.”

அறிவழகன் நிமிர்ந்தான்.

“பேஷண்ட் அவதாங்க. ரெண்டு வருசமா ஒரு வார்த்தை பேசாம சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தா. இந்த சிகிச்சைக்கு அப்புறந்தான் அவளுக்குக் கோவமே வருது. கத்தட்டும், வுடுங்க சார்!”